பேச்சு நிற்காத வேகம்: டர்பனில் குழுவாக நடப்பதன் கணக்கு

டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காலை நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் எழுந்துவிடும். ஐந்து மணிக்குக் கடற்கரை நடைபாதையில் ஓடுபவர்களும் நடப்பவர்களும் நிறைந்திருப்பார்கள். அதே நேரத்தில் நகரின் இந்தியக் குடியிருப்புகளான சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் எத்தனையோ வீடுகளில் ஓர் ஆயாவோ தாத்தாவோ எழுந்து, தேநீர் குடித்து, பூட்டிய கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். தினமும் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தனியாக வெளியே போகக்கூடாது என்று மகள் சொல்லியிருக்கிறாள். டாக்டர் சர்க்கரையைப் பார்த்துச் சொன்னார், மகள் தெருவைப் பார்த்துச் சொன்னாள். இருவர் சொன்னதிலும் தப்பில்லை.

ஆறேழு பேராகச் சேர்ந்து நடந்தால் இருவர் சொல்லும் காப்பாற்றப்படும். இது எல்லோருக்கும் தெரிந்த வழிதான். ஆனாலும் ஜனவரியில் உற்சாகமாகத் தொடங்கும் குழுக்கள் ஈஸ்டருக்குள் கலைந்துபோவது அடிக்கடி நடக்கிறது. எத்தனை கிலோமீட்டர், எந்தத் தெரு, எந்தக் காலணி என்று நடையை யோசித்து வைக்கிறோம். பேச்சை அதன் பாட்டுக்கு விட்டுவிடுகிறோம். கவனம் பேச்சின் மேல் இருக்கவேண்டும். வேகம் சரியா என்று சொல்வது பேச்சு. ஒருவருக்கு உடம்பு முடியாமல் போகிறது என்று முதலில் காட்டிக்கொடுப்பதும் பேச்சு. மழை பெய்த வாரத்துக்கு அடுத்த வாரமும் ஆளைக் கதவைத் திறந்து வெளியே வரவைப்பதும் அதுவே.

பேச்சால் வேகத்தை அளப்பது

உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயதுவந்த ஒருவருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை. 65 வயதைக் கடந்தவர்களுக்கு இதோடு வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சியும் வேண்டும் என்கிறது. கைக்கடிகாரமும் செயலியும் இல்லாமல் ‘மிதமான’ வேகத்தைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும். பஜனைப் பாட்டு ஒன்றை இழுத்துப் பாட முடியக்கூடாது. பாட்டு தடையில்லாமல் வந்தால் வேகம் போதாது. மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது. எண்ணிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 காலடி என்பது அதே வேகத்தின் இன்னொரு அடையாளம்.

நாடித்துடிப்பை வைத்து அளக்கலாமே என்று கேட்பார்கள். 220-லிருந்து வயதைக் கழித்து, அதில் இத்தனை சதவீதம் என்ற கணக்கு பரவலாகப் புழங்குகிறது. ஆனால் இரத்த அழுத்தத்துக்கும் இதயக் கோளாறுக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் துடிப்பை எழும்பவிடாது. அந்த மாத்திரை சாப்பிடும் ஒருவர் கணக்குச் சொல்லும் துடிப்பை எட்டப் பார்த்தால், உடம்பு தாங்காத வேகத்துக்குத் தன்னை விரட்டிக்கொள்வார். மூச்சு அப்படி ஏமாற்றாது. அறுபது வயதுக்கு மேல் பலரும் ஏதோ ஒரு மாத்திரையில் இருக்கும் குழுவுக்குப் பேச்சுச் சோதனையே பாதுகாப்பானது.

பத்தாயிரம் அடி என்ற எண்ணையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். அது மருத்துவர்கள் ஆராய்ந்து எட்டிய அளவாகப் பிறக்கவில்லை. 1965-ல் ஜப்பானில் ஓர் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. ‘மான்போகெய்’ என்றால் பத்தாயிரம் அடி மானி. நாளைக்கு இரண்டாயிரம் அடி நடக்கும் ஒரு பாட்டி நாலாயிரத்துக்கு வந்தாலே பெரிய பலன். பத்தாயிரம் என்று கேட்டதும் நமக்கு ஆகாது என்று அவர் உட்கார்ந்துவிடுவதுதான் அந்த எண்ணால் வரும் கேடு.

அளந்து பார்த்ததில் என்ன தெரிந்தது

2015-ல் ஹான்சன், ஜோன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டனிலிருந்து வெளியிட்ட தொகுப்பாய்வு, 14 நாடுகளில் நடந்த 42 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வெளியில் குழுவாக நடந்த 1,843 பேர் அவற்றில் இருந்தார்கள். மேல் இரத்த அழுத்தம் சராசரியாக 3.72, கீழ் அழுத்தம் 3.14 புள்ளி குறைந்தன. ஓய்விலிருக்கும்போதான இதயத்துடிப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 குறைந்தது. உடல் கொழுப்பும் மனச்சோர்வும் குறைந்தன. ஒரு தனி ஆளுக்கு நாலு புள்ளி சின்னதாகத் தோன்றும். மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு அது பெரிய மாற்றமில்லை, யாரும் அப்படி நிறுத்தவும் கூடாது. ஆனால் ஊர் முழுக்க அழுத்தம் நாலு புள்ளி இறங்கினால் பக்கவாதத்தின் எண்ணிக்கையே இறங்கும். அந்தத் தொகுப்பில் இதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு: சேர்ந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விடாமல் நடந்தார்கள். தனியாகத் தொடங்கும் உடற்பயிற்சி எத்தனை நாள் நிற்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியினரிடம் இரண்டாம் வகை நீரிழிவு மற்ற சமூகங்களைவிட அதிகம். அதனால் சர்க்கரைக்கு நடை என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது. சும்மா இருக்கும் தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுக்க இன்சுலின் வந்து கதவைத் திறக்கவேண்டும். சுருங்கி விரியும் தசைக்கு அந்தச் சாவி தேவையில்லை. சர்க்கரையை ஏற்கும் வாயில்களைத் தானே மேலே கொண்டுவரும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் இது பக்க வாசல் திறப்பது போல. தொடைத் தசைகள் உடம்பின் மிகப் பெரிய தசைகளில் சேர்ந்தவை, ஆகவே நடைக்கு இந்தப் பலன் கூடுதல். நியூசிலாந்தில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், நாளில் ஏதோ ஒரு நேரம் 30 நிமிடம் நடந்ததைவிட, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அந்த வித்தியாசம் 22 சதவீதம். குழு வாரம் மூன்று அல்லது நாலு நாள் காலையில் கூடட்டும்; இரவுக் கறிசோற்றுக்குப் பிறகு முற்றத்திலேயே பத்து நிமிடம் நடப்பதை வீட்டுப்பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

தனிமை பற்றிய கணக்குகள் வேறு மாதிரியானவை. 2010-ல் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தைத் தொகுத்தார்கள். நெருக்கமான உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, அப்படி இல்லாதவர்களைவிட 50 சதவீதம் கூடுதல் என்று கண்டார்கள். 2025 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆணையம் உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றது. அதோடு தொடர்புள்ள இறப்புகள் ஆண்டுக்கு 8,71,000 என்று மதிப்பிட்டது.

ஆனால் ஆட்களை ஒரே இடத்தில் சேர்த்தால் தனிமை போய்விடுமா? போகாது. தனிமையைக் குறைக்கும் முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, சந்திக்கும் வாய்ப்பைக் கூட்டுவதைவிட, தனிமைப்பட்டவர் மற்றவர்களைப் பற்றி நினைக்கும் விதத்தை மாற்ற உதவும் முயற்சிகளே அதிகம் பலித்தன என்று காட்டியது. நீண்ட நாள் தனித்திருந்த மனம் எல்லாவற்றையும் விலக்கமாகவே வாசிக்கும். நாலு பேர் முன்னால் சிரித்துக்கொண்டு போனால் ‘என்னைப் பற்றித்தான்’ என்று தோன்றும். ஒரு வாரம் வராமல் இருந்தபோது யாரும் கூப்பிடவில்லை என்றால் ‘நான் இல்லாதது யாருக்கும் தெரியவில்லை’ என்று முடிவு கட்டும். குழு நடத்துபவர் இந்த ஒன்றை மனதில் வைத்திருந்தால், கீழே சொல்லும் விதிகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

இந்த ஊரின் தனிமை

1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் நேட்டால் துறைமுகத்தை அடைந்த நாளிலிருந்து, இங்கே தமிழர்கள் கூட்டமாக வாழ்ந்துதான் பிழைத்தார்கள். கரும்புத் தோட்டத்து வரிசை வீடுகள், பிறகு கேட்டோ மேனர் போன்ற இடங்களில் மரமும் தகரமும் கொண்டு கட்டிய வீடுகள், நடுவில் கோவில். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் அந்த அண்டை அயலைப் பிய்த்துப் போட்டது. 1960-களில் சாட்ஸ்வர்த்துக்கும் 1970-களின் நடுவிலிருந்து ஃபீனிக்ஸுக்கும் குடும்பங்கள் அனுப்பப்பட்டு, எண்ணிட்ட யூனிட்டுகளில் பிரித்து வைக்கப்பட்டன. ஐம்பது ஆண்டுகளில் அங்கேயும் உறவு வேர்விட்டது. பிறகு பிள்ளைகள் உம்லாங்காவுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். திருட்டுக்குப் பயந்து சுவர் உயர்ந்தது, சுவர்மேல் மின்கம்பி வந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் குரல் கேட்கும், முகம் தெரியாது.

மொழியின் தனிமையும் இங்கே உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வீட்டில் தமிழ் பேசும் கடைசி ஆளாக ஒரு பாட்டி இருப்பார். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் அன்பாகத்தான் இருப்பார்கள், ஆங்கிலத்தில். சாப்பாடு, மருந்து, பென்ஷன் எல்லாவற்றுக்கும் அந்த ஆங்கிலம் போதும். தன் அம்மா சொன்ன பழமொழியை அப்படியே சொல்லி, எதிரில் இருப்பவர் அது புரிந்து சிரிப்பதைப் பார்க்க அது போதாது. வீடு நிறைய ஆள் இருந்தும் ஒருவர் தனிமையில் இருக்கமுடியும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் வேண்டாம்.

சேர்ந்து நடப்பது இந்த மண்ணில் தமிழர்களுக்குப் பழகிய காரியம். 1913 நவம்பரில் சத்தியாகிரகப் போராட்டமாகக் காந்தியோடு டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்தவர்கள் அவர் எழுதிவைத்த கணக்கின்படி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களின் தமிழ்த் தொழிலாளர்கள் அதில் ஏராளம். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் காவடி எடுப்பவர்களோடு தெருவே நடக்கிறது. காவடி ஊர்வலத்தில் வேகத்தை யார் தீர்மானிக்கிறார் என்று பாருங்கள். காவடி தூக்கியவர் நின்றால் கூட்டம் நிற்கும், அவர் அசைந்தால் கூட்டம் அசையும். சுமை அதிகமுள்ளவரின் வேகமே எல்லோரின் வேகம். காலைநடைக் குழு ஊர்வலத்திடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது இந்த ஒன்றைத்தான்.

பாதை

சாட்ஸ்வர்த் உம்லட்டுசானா, உம்லாஸ் ஆறுகளுக்கு இடையில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. சமதளத் தெரு கிடைப்பது அரிது. ஒரு கிலோமீட்டர் தூரம் போய்த் திரும்பும் பாதையை விட, 500 முதல் 800 மீட்டர் கொண்ட ஒரு சுற்றைத் தேர்ந்தெடுத்து அதையே பலமுறை சுற்றுவது நல்லது. களைத்தவர் எந்தச் சுற்றிலும் நின்றுகொள்ளலாம். தொடங்கிய இடம் ஐந்து நிமிட தூரத்துக்கு மேல் போகாது. இரண்டு சுற்றுகள் எட்டு என்ற எண்ணைப்போல ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் இன்னும் மேல்: வேகமாக நடப்பவர்கள் பெரிய சுற்றையும் மெதுவாக நடப்பவர்கள் சின்னச் சுற்றையும் எடுத்து, நடுவில் ஒவ்வொரு முறையும் முகம் பார்த்துக்கொள்வார்கள். கோவில் வளாகம், பள்ளி மைதானம், விளையாட்டரங்கின் ஓடுபாதை எல்லாம் இதற்குப் பொருந்தும். உட்கார ஓர் இருக்கை, திறந்திருக்கும் கழிப்பறை, இந்த இரண்டும் இல்லாத இடத்தை எடுக்காதீர்கள். நீர் மாத்திரை சாப்பிடும் ஒருவர் கழிப்பறை இல்லாத இடத்துக்கு இரண்டாம் முறை வரமாட்டார், காரணத்தை வெளியே சொல்லவும் மாட்டார்.

மேடு வந்தால் பேச்சு தடைப்படும். அதனால் மேடு பாதையின் முதல் மூன்றில் ஒரு பங்கு தாண்டி, உடம்பு சூடான பிறகு வரும்படி சுற்றின் திசையை அமையுங்கள். இறங்கும்போது முழங்காலுக்கு அழுத்தம் கூடும். சின்ன அடியாக எடுத்து வைக்கச் சொல்லவேண்டும்.

நடைபாதை இல்லாத தெருவில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்கவேண்டும். இங்கே வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் நீங்கள் வலப்பக்க ஓரத்தில் நடப்பீர்கள். இருவர் இருவராக வந்தாலும், வளைவிலும் கோம்பி (சிற்றுந்து) டாக்சி வரும் சாலையிலும் ஒற்றை வரிசைக்கு மாறுங்கள். முதல் ஆளும் கடைசி ஆளும் ஒளி பட்டால் மின்னும் மஞ்சள் மேலங்கி போட்டுக்கொள்ளட்டும். கைப்பையும் நகையும் வீட்டில் இருக்கட்டும். குழுவில் ஓரிரு கைபேசி போதும், அதுவும் உள் பையில். கைபேசியிலிருந்து 112, ஆம்புலன்சுக்கு 10177, போலீசுக்கு 10111 என்ற எண்கள் கைபேசி வைத்திருப்பவருக்கு மனப்பாடமாக இருக்கவேண்டும். ஒரே குழு ஒரே நேரத்தில் ஒரே தெருவில் வருவதைத் தீய எண்ணம் கொண்டவர்களும் கவனிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அதே ஒழுங்கால் கடைக்காரரும் கோவில் காவலாளியும் உங்களை அறிந்திருப்பார்கள். ஆறு பேருக்குக் குறையாமல் போனால் லாபமே அதிகம்.

நேரம்

டர்பனில் வெயிலைவிட ஈரப்பதம் கொடியது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்று ஏற்கெனவே நனைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. அக்டோபர் முதல் மார்ச் வரை காலை ஏழுக்குள் நடை முடிந்துவிடவேண்டும். ஜூன், ஜூலையில் சூரியன் எழவே ஆறே முக்கால் தாண்டிவிடும். இருட்டில் கூடுவதை விட்டு ஏழரைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆக ஆண்டுக்கு இரண்டு நேரங்கள், மாற்றம் எந்த நாளிலிருந்து என்று முன்பே எழுதி வையுங்கள். வாராவாரம் வாட்ஸ்அப்பில் ‘நாளைக்கு எத்தனை மணி?’ என்று கேட்கத் தொடங்கிய குழு கரையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மழைக்கும் ஒரே விதி வேண்டும். மழை பெய்தால் ரத்து என்று வைத்தால், நவம்பரிலிருந்து பாதி நாள் போய்விடும். மழை பெய்தால் கோவில் மண்டபம் அல்லது பக்கத்து மால் என்று வைத்தால் ஆள் வருவார்கள். மண்டபத்தில் நடக்க முடியாவிட்டால் நாற்காலிப் பயிற்சி செய்யலாம்: கைகளை மார்பில் கட்டி நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 முறை, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது 10 முறை, ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்பது. முதியவர்களுக்குத் தேவையென்று மேலே சொன்ன வலுவும் சமநிலையும் இதில் வந்துவிடும். நல்ல நாளிலும் நடைக்கு முன் இந்த மூன்றையும் ஐந்து நிமிடத்தில் செய்யலாம்.

முதல் இரண்டு வாரம் 15 நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். பிறகு வாரத்துக்கு ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டி, ஆறாம் வாரத்தில் 35 நிமிடத்துக்கு வரலாம்; முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக. ஆறாம் வாரத்திலிருந்து வாரம் நாலு நாள் என்றால் மெதுவான நிமிடங்கள் போக 100 நிமிடம்; மிச்சம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னான நடையில் கிடைத்துவிடும்.

காலும் சர்க்கரையும்

நீரிழிவு நீண்ட நாள் இருந்தால் பாதத்தில் உணர்வு மங்கும். உள்ளே ஒரு சிறு கல் கிடந்தாலும் தெரியாது. புண் வந்த பிறகுதான் தெரியும். ஆகவே போடுவதற்கு முன் டக்கியை (ரப்பர் அடிக் காலணியை) தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கவேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும்போது காலணி வாங்குவது நல்லது. தையல் உறுத்தாத பருத்திக் காலுறை, வீடு திரும்பியதும் பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பார்ப்பது. செருப்போடு வருபவரைத் திருப்பி அனுப்பாமல், அன்றைக்கு இருக்கையில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருங்கள்.

சர்க்கரை இறங்கிப்போவது இன்னும் அவசரமான விஷயம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இது அரிது. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிக்லசைடு, கிளிமெப்பிரைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வரக்கூடியது. கிளம்பும் முன் இரத்தச் சர்க்கரை அளவு (mmol/L கணக்கில்) 5-க்குக் கீழே இருந்தால் ஒரு ரொட்டியோ வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். 4-க்குக் கீழே போனால் உடனே சர்க்கரை: மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். சாக்லேட் இதற்கு ஆகாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். கூல்டிரிங்கை நம்புகிறவர்கள் லேபிளைப் பார்க்கவேண்டும்; 2018-ல் சர்க்கரை வரி வந்த பிறகு இங்கே பல பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். புரட்டாசி விரதத்திலும் காவடி விரதத்திலும் சாப்பாட்டு நேரம் மாறும், மாத்திரை நேரம் மாறாமல் இருக்கும். அந்த நாட்களில் நடைக்கு முன் அளப்பதைத் தவறவிடக்கூடாது, விரதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் மாத்திரை பற்றிப் பேசியிருக்கவும் வேண்டும்.

இறங்கும் சர்க்கரையை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் பக்கத்தில் நடப்பவரின் காதுதான். கலகலப்பாகப் பேசிவந்தவர் சிடுசிடுப்பார், ஒரே கேள்வியை மறுபடி கேட்பார், நாக்கு குழறும், அல்லது சட்டென்று மௌனமாவார். நெஞ்சு வலியும் அப்படித்தான். நீரிழிவு உள்ளவர்களுக்கு இதயம் திணறும்போது வலியே தெரியாமல், மூச்சு முட்டலும் அதிக களைப்பும் மட்டும் வரலாம். பேச்சு மாறினால் நிற்கவேண்டும், உட்காரவைக்கவேண்டும், கேட்கவேண்டும். ‘ஒண்ணுமில்ல, நீங்க போங்க’ என்ற பதிலை ஏற்றுக்கொள்ளக்கூடாது. ஒவ்வொருவரும் தன் பெயர், மாத்திரைகள், கூப்பிடவேண்டிய உறவினரின் எண் எழுதிய அட்டையைத் தன் சட்டைப்பையில் வைத்திருக்கட்டும். அதைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போடவேண்டாம்.

கடைசி ஆள்

2004-ல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேருடன் தொடங்கி, 2011-ல் நெடுந்தூர ஓட்ட வீரர் புரூஸ் ஃபோர்டைஸ் மூலம் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த பார்க்ரன் என்ற வாராந்திர ஓட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. எப்போதும் கடைசியில் நடப்பதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பார். அவர் இருப்பதால் வேறு யாரும் கடைசியாக வரமுடியாது. டர்பன் நார்த் பீச்சில் சனிக்கிழமைதோறும் கூடும் பெருங்கூட்டத்திலும் இது நடக்கிறது. பத்துப் பேர் குழுவுக்கும் இந்த ஆள் கட்டாயம். முன்னால் போகிறவர் பாதை தெரிந்தவராக இருந்தால் போதும். பின்னால் வருபவர்தான் குழுவில் மிகப் பொறுமையானவராக இருக்கவேண்டும். முன்னால் போனவர்கள் முனையில் நின்று பின்னால் வருபவர்கள் சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடுவது எல்லாக் குழுவிலும் நடக்கும் தவறு. வேகமானவர்களுக்கு இரண்டு நிமிட ஓய்வு கிடைத்தது, அதிகம் ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஒரு விநாடிகூடக் கிடைக்கவில்லை. கடைசி ஆள் தண்ணீர் குடித்து, நாலு வார்த்தை பேசி, சரி என்ற பிறகே கிளம்பவேண்டும்.

குழு எட்டுப் பேரைத் தாண்டினால் தானாகவே துண்டு துண்டாகும். ஒரே பேச்சில் நாலு பேருக்கு மேல் நிலைப்பதில்லை என்று மனித உரையாடலை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஐந்தாவது ஆள் வந்ததும் பேச்சு இரண்டாகப் பிரியும். அதைத் தடுக்கப் பார்க்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இருவர் இருவராக நடந்து, பாதி வழியில் இருக்கை வந்ததும் ஜோடியை மாற்றுவது என்று வைத்தால், பழைய சிநேகிதிகள் மூவர் ஒட்டிக்கொண்டு புதியவரை வெளியே விடுவது நடக்காது. புதிதாக வருபவருக்கு முதல் மூன்று வாரம் ஒரே துணை இருக்கட்டும்; அந்தத் துணை முதல் நாளுக்கு முந்தின சாயங்காலம் கூப்பிட்டு, ‘அக்கா, நாளைக்கு வாசல்ல வந்து நான் உங்கள கூட்டிட்டுப் போறேன்’ என்று சொல்லவேண்டும். வாசலைத் தாண்டும் முதல் பத்தடியே எல்லாவற்றிலும் கடினம். காது மந்தமானவரோடு நடப்பவர் நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் நடக்கவேண்டும். இதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டால், அவர் தலையாட்டிக்கொண்டு மட்டும் வந்துவிட்டு மறைந்துபோவது நிற்கும்.

பக்கத்துப் பக்கத்தில் நடக்கும்போது கண்ணைப் பார்க்கவேண்டியதில்லை, இடையில் மௌனம் வந்தாலும் கால் நடந்துகொண்டிருக்கும். எதிரெதிரே உட்கார்ந்தால் வாயே திறக்காத ஆண்கள் நடக்கும்போது பேசுவதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டால் ‘இருக்கேன்’ என்ற பதிலோடு பேச்சு முடியும். ‘நேத்து ராத்திரி என்ன கறி?’, ‘உங்க ஆயா கூழ் எப்படிக் காய்ச்சுவாங்க?’, ‘உங்க சின்ன வயசுல இந்த இடத்துல என்ன இருந்தது?’ என்று கையில் பிடிக்கும்படியான ஒன்றைக் கேட்கவேண்டும். தமிழ் கற்றுக்கொள்ளும் இளையவர் ஒருவர் வாரம் ஒரு நாள் குழுவோடு வந்தால் இருவருக்கும் நல்லது. தப்பாகப் பேசினாலும் நடையின் தாளத்தில் அது கடந்துபோகும், பாட்டிக்கோ கற்றுக்கொடுக்கும் இடம் கிடைக்கிறது. தனக்கு உதவ வந்தவர்களைவிடத் தன் உதவி தேவைப்படும் ஒருவரால்தான் ஒருவரின் தனிமை அதிகம் குறைகிறது.

கெடுப்பவை சில. ஒருவரின் எடையைப் பற்றி எல்லோர் முன்னும் பேசுவது. அடுத்த வாரம் அவர் வரமாட்டார். வராதவரின் குடும்பக் கதையைப் பேசுவது. கேட்டுக்கொண்டிருப்பவர் நாளைக்குத் தன் கதையும் இப்படித்தான் என்று வாயை மூடிக்கொள்வார். தன் நோயைத் தவிர வேறு பேசாத ஒருவர் இருந்தால், ஜோடி மாற்றும் விதி எல்லோரையும் காப்பாற்றும். பணம் வசூலிப்பது, கோவில் நிர்வாகச் சண்டை, தேர்தல், மூன்றையும் நடையிலிருந்து ஒதுக்கிவைப்பது நல்லது. வாட்ஸ்அப் குழுவில் நேரமும் இடமும் மட்டும்; காலை வணக்கப் படங்கள் குவிந்தால் நேர மாற்றச் செய்தி அதற்குள் புதைந்துபோகும்.

தேநீரும் வராத நாளும்

நடை முடிந்தபின் 20 நிமிடம் உட்கார்ந்து தேநீர் குடிப்பதை நடையின் பகுதியாகவே எண்ணுங்கள். அவசரம் என்று அதை வெட்டினால் குழு உடற்பயிற்சி வகுப்பாகிவிடும். 65 கிலோ எடையுள்ளவர் 30 நிமிட நடையில் 100 கலோரிக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பார். இரண்டு மூன்று சமூசாவில் அது திரும்பி வந்துவிடும். ஆகவே தேநீரில் சர்க்கரை குறைத்து, பிளாஸ்கை முறை வைத்துக் கொண்டுவரச் செய்து, பலகாரத்தைப் பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் விட்டுவிடலாம்.

வராதவரைக் கூப்பிடும் பொறுப்பு ஒருவருடைய பெயரில் இருக்கவேண்டும். எல்லோர் பொறுப்பு என்றால் யாரும் கூப்பிடமாட்டார்கள். ஒருமுறை வராவிட்டால் அன்றே ஒரு போன், இரண்டாம் முறை வராவிட்டால் இருவர் வீட்டுக்குப் போவது. ‘ஏன் வரல?’ என்று கேட்டால் குற்றம் சாட்டுவதாக ஒலிக்கும். ‘இன்னைக்கு உங்க இடம் காலியா இருந்தது’ என்று சொன்னால், தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று முடிவுகட்டியிருக்கும் மனதுக்கு அது நேரடிப் பதில். துக்கம் நடந்த வீட்டுக்குப் பதினாறாம் நாள் வரை ஆட்கள் வருவார்கள், அதன் பிறகே வீடு வெறிச்சோடும். குழு போகவேண்டிய வாரம் அதற்கடுத்தது.

மூட்டு தேய்ந்தோ பக்கவாதம் வந்தோ இனி நடக்கமுடியாது என்றாகிவிட்டவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். சுற்றுப்பாதையின் நடுவில் இருக்கும் அந்த இருக்கை அவருக்கானது. யாராவது ஒருவர் காரில் கூட்டிவந்து உட்காரவைக்கட்டும். ஒவ்வொரு சுற்றும் முடிந்து ஆட்கள் கடக்கும்போது எண்ணிக்கை பார்ப்பது, ஜோடி மாற்றும் நேரத்தைச் சொல்வது, பிளாஸ்கைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவரோடு ஒரு சுற்று உட்கார்ந்திருப்பவர் யார் என்பதையும் ஜோடிப் பட்டியலில் எழுதிவிடுங்கள்.